சியரா ஆன்-லைன் எழுந்ததும் விழுந்ததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே சியராவைப் பற்றிய அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. "நல்லா ஓடின கம்பெனி எப்படிங்க காணாமப் போச்சு?" என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் நேராக 12ஆம் கேள்விக்குப் போகலாம்.

1. சியரா சியரான்னு சொல்றீங்களே, அது கேம் பேரா, கம்பெனி பேரா?

கம்பெனி பெயர். முழுப்பெயர் சியரா ஆன்-லைன். கலிபோர்னியாவில் 1979இல் ஒரு வீட்டுக்குள் தொடங்கி, அடுத்த இருபது ஆண்டுகள் கணினி விளையாட்டு உலகின் முன்வரிசையில் இருந்தது. கிங்ஸ் குவெஸ்ட், ஸ்பேஸ் குவெஸ்ட், போலீஸ் குவெஸ்ட், குவெஸ்ட் ஃபார் குளோரி, லெஷர் சூட் லாரி, கேப்ரியல் நைட் எல்லாம் அவர்களே உருவாக்கியவை. ஹாஃப்-லைஃப், ஹோம்வேர்ல்டு போன்றவை வேறு குழுக்கள் உருவாக்கி, சியரா வெளியிட்டவை.

நம்மில் பலர் முதலில் பார்த்தது ஹாஃப்-லைஃப் தொடங்கும்போது திரையில் வந்து போன மலைச் சின்னத்தைத்தான். அதற்குள் கம்பெனி கைமாறி, அதன் சொந்த விளையாட்டுகள் முடிவுக்கு வந்துகொண்டிருந்தன.

2. இதை ஆரம்பிச்சது புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. கென் வில்லியம்ஸ் பெரிய கணினிகளில் வேலை பார்த்த புரோகிராமர். அவர் மனைவி ரொபெர்டா வில்லியம்ஸ். கென் வீட்டுக்குக் கொண்டுவந்த, தூரத்துப் பெரிய கணினியோடு இணையும் டெர்மினல் கருவியில் 'கொலோசல் கேவ்' என்ற விளையாட்டு இருந்தது. குகைக்குள் நடப்பதை எழுத்திலேயே சொல்லும். ஆடுபவர் பதிலைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதில் மூழ்கிப்போன ரொபெர்டா, முடித்த பிறகு அதே மாதிரி இன்னொன்று தேடினார். மனசுக்குப் பிடித்ததாக எதுவும் கிடைக்கவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து தானே ஒன்றைத் திட்டமிட்டார்.

கென் அப்போது ஆப்பிள் 2 கணினிக்கு ஃபோர்ட்ரான் கம்பைலர் (ஃபோர்ட்ரான் மொழியில் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) எழுதி விற்கும் எண்ணத்தில் 'ஆன்-லைன் சிஸ்டம்ஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார். ரொபெர்டாவின் விளையாட்டு அந்தத் திட்டத்தை ஓரம் கட்டிவிட்டது. சியராவில் முதல் படைப்பாளி ரொபெர்டாதான் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் அவரை 'முதலாளியின் மனைவி' என்று மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள்.

3. மிஸ்டரி ஹவுஸ் படத்தைப் பார்த்தேன், சின்னப் பிள்ளை கிறுக்கின மாதிரி இருக்கு. அதுல என்ன பெருசா இருக்கு?

1980இல் இருந்து பார்க்க வேண்டும். அதுவரை சாகச விளையாட்டு என்றால் வெறும் எழுத்து. மிஸ்டரி ஹவுஸ் ஒவ்வோர் அறைக்கும் ஒரு படம் காட்டியது. வீட்டுக் கணினியில் படத்தோடு வந்த முதல் சாகச விளையாட்டு என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள். ஒரு பழைய மாளிகை, உள்ளே ஏழு பேர், ஒவ்வொருவராகக் கொலையாகிறார்கள், கொலைகாரர் யார் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

சுமார் 70 படங்களை ஒரு ஃபிளாப்பியில் அடக்குவதுதான் சிக்கல். படத்தைப் படமாகச் சேமித்தால் இடம் போதாது. கென் அவற்றைக் கோடு போடும் கட்டளைகளாக, புள்ளியிலிருந்து புள்ளிக்கு என்று சேமித்தார். கணினி நம் கண்ணெதிரே வரைந்து காட்டும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் ஃபிளாப்பியையும் ஒரு தாளையும் போட்டு 24.95 டாலருக்கு விற்றார்கள். பத்திரிகையில் ஒரு விளம்பரம். வீட்டுத் தொலைபேசியில் ஆர்டர். அது ஆயிரக்கணக்கில் விற்றது. அடுத்து வந்த 'விசார்டு அண்டு தி பிரின்சஸ்' அதே ஆண்டில் வண்ணத்தோடு வந்தது.

4. சியரான்னு பேரு எங்கேருந்து வந்துச்சு?

சியரா நெவாடா மலைத்தொடரிலிருந்து. முதல் வெற்றி கைக்கு வந்ததும் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்திலிருந்து கிளம்பி, யோசெமிட்டி தேசியப் பூங்காவின் அடிவாரத்தில் இருக்கும் கோர்ஸ்கோல்டு, ஓக்ஹர்ஸ்ட் பகுதிக்குக் குடிபோனார்கள். 1982இல் கம்பெனியின் பெயரும் சியரா ஆன்-லைன் ஆனது. சின்னத்தில் இருப்பது யோசெமிட்டியின் புகழ்பெற்ற ஹாஃப் டோம் பாறை.

சின்ன மலையூரில் பெரிய மென்பொருள் கம்பெனி என்பதற்கு நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஊர்க்காரர்கள் பலருக்கு வேலை கிடைத்தது, குடும்பம் போன்ற ஒரு நெருக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து அனுபவமுள்ள நிர்வாகிகளை வரவழைப்பதுதான் கஷ்டம். இந்தக் கடைசி விஷயம் பின்னால் பெரிதாக வெடிக்கும்.

5. 1983ல அட்டாரி விழுந்தப்ப இவங்களும் மாட்டினாங்களா?

நன்றாக மாட்டினார்கள். அதுவரை ஃபிளாப்பியில் விற்றுக்கொண்டிருந்தவர்கள், வெளி முதலீட்டாளர்களின் பணம் வந்ததும் கேட்ரிட்ஜ் (விளையாட்டைச் சிப்பில் பதித்த, கருவியில் செருகும் பெட்டி) தயாரிப்பில் இறங்கினார்கள். கேட்ரிட்ஜுக்கு முன்கூட்டியே பெரும் தொகை போட்டு மொத்தமாகச் செய்து வைக்க வேண்டும். விற்காவிட்டால் அத்தனையும் தேக்கம். அட்டாரி முன்னணியில் இருந்த அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்த நேரத்தில் அந்தச் சரக்கெல்லாம் விற்காமல் நின்றது. ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வங்கிக் கடன் கழுத்தை நெரித்தது.

இதே காலத்தில்தான் அல்டிமா 2 விளையாட்டைச் சியரா மூலம் வெளியிட்ட ரிச்சர்ட் கேரியட், ராயல்டி தகராறில் பிரிந்து போய் ஆரிஜின் சிஸ்டம்ஸ் என்ற தன் சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். திறமைசாலிகளைக் கையில் வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

6. அப்புறம் எப்படி எழுந்தாங்க? கிங்ஸ் குவெஸ்ட் ஐபிஎம் காசுல செஞ்சதுன்னு கேள்விப்பட்டேன்.

ஆமாம். ஐபிஎம் தன் பிசிஜூனியர் என்ற வீட்டுக் கணினியின் வண்ணத்தையும் ஒலியையும் காட்ட ஒரு விளையாட்டு கேட்டது, செலவுக்குப் பணமும் கொடுத்தது. ரொபெர்டா வடிவமைத்த கிங்ஸ் குவெஸ்ட் 1984இல் வந்தது. டேவென்ட்ரி என்ற நாட்டுக்காக மூன்று பொக்கிஷங்களைத் தேடிப் போகும் கிரஹாம் என்ற வீரனின் கதை. அம்புக்குறி விசையை அழுத்தினால் அவன் மரத்துக்குப் பின்னால் போய் மறைவான், முன்னால் வந்தால் தெரிவான். இன்று சாதாரணம், அன்றைக்கு ஒரு படத்துக்குள் இறங்கி நடப்பது போன்ற அனுபவம்.

பிசிஜூனியர் படுதோல்வி. 1985லேயே ஐபிஎம் அதை நிறுத்திவிட்டது. சியராவைக் காப்பாற்றியது டேண்டி 1000. பிசிஜூனியரின் படம், ஒலித் திறனை அப்படியே எடுத்துக்கொண்ட, மலிவான கணினி அது. ரேடியோ ஷேக் கடைகள் நாடு முழுக்க அதை விற்றன. கூடவே கிங்ஸ் குவெஸ்ட்டும் போனது. இந்த விளையாட்டுக்காக எழுதிய ஏஜிஐ என்ற இன்ஜின் (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வேறு பல கணினிகளுக்கும் எளிதாக மாற்றக்கூடியது. அடுத்த சில ஆண்டுகளின் விளையாட்டுகள் எல்லாம் அதன்மேல்தான் கட்டப்பட்டன.

7. எல்லாத்துலயும் 'குவெஸ்ட்' இருக்கே, எல்லாம் ஒரே ஆள் எழுதினதா?

இல்லை, சியராவின் பலமே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு தொடருக்கும் ஓர் ஆசிரியர் உண்டு, நாவலுக்கு இருப்பது போல. விண்வெளித் துப்புரவுத் தொழிலாளி ரோஜர் வில்கோவை நாயகனாக்கிய ஸ்பேஸ் குவெஸ்ட் (1986) மார்க் குரோ, ஸ்காட் மர்ஃபி இருவருடையது. லெஷர் சூட் லாரி (1987) அல் லோவினுடையது. அவர் முன்பு பள்ளியில் இசை ஆசிரியர். பெரியவர்களுக்கான நகைச்சுவை என்பதால் பல கடைகள் முன்வரிசையில் வைக்கவே தயங்கின. ஆனாலும் வாய்மொழியாகவே பரவி விற்றது. குவெஸ்ட் ஃபார் குளோரி (1989) லோரி, கோரி கோல் தம்பதியினுடையது. கேப்ரியல் நைட் (1993) ஜேன் ஜென்சனுடையது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் போலீஸ் குவெஸ்ட் (1987). அதை எழுதிய ஜிம் வால்ஸ், கலிபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் போலீசில் இருந்தவர். விளையாட்டில் ரோந்துக் காரை எடுப்பதற்கு முன் அதைச் சுற்றி நடந்து டயரைச் சரிபார்க்க வேண்டும். பார்க்காமல் ஏறினால் டயர் காற்றுப் போய் ஆட்டம் முடிந்துவிடும். துறையில் வேலை பார்த்த ஒருவருக்குத்தான் இப்படிப் புதிர் வைக்கத் தோன்றும். இசை வாத்தியாரையும் போலீஸ்காரரையும் கூப்பிட்டு "விளையாட்டு எழுது" என்று சொல்லும் துணிச்சல் கென்னிடம் இருந்தது.

8. ப்ரோ, சியரா கேம்ல ஏன் சும்மா சும்மா சாகிறோம்? படியில கால் வெச்சா சாவு, தண்ணில இறங்கினா சாவு!

சாவு ஒரு பக்கம். அது வேடிக்கையாகவும் இருக்கும்; எப்படிச் செத்தாய் என்று கிண்டலாக ஒரு வாசகம் வரும், பழைய சேமிப்பை எடுத்துத் தொடரலாம். ஆபத்து இருந்தால்தான் சாகசம் என்பது ரொபெர்டாவின் கட்சி. எனக்கு அதில் குறையில்லை.

உண்மையான குறை, திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது. கிங்ஸ் குவெஸ்ட் 5இல் (1990) ஓர் இடத்தில் பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். சில நொடிகளுக்குள் கையில் இருப்பதைப் பூனைமேல் எறிந்து எலியைக் காப்பாற்றாவிட்டால், வெகு நேரம் கழித்து உங்களைக் கட்டிப்போடும்போது கயிற்றைக் கடித்து விடுவிக்க யாரும் வரமாட்டார்கள். பசி எடுக்கிறது என்று 'கஸ்டர்ட் பை' என்ற இனிப்புப் பண்டத்தைத் தின்றுவிட்டால், பனி மனிதன் எதிரே வரும்போது அவன் முகத்தில் எறிய ஒன்றும் இருக்காது. தவறு செய்தது எங்கே என்றே தெரியாமல் மணிக்கணக்கில் அலைய வேண்டும். குறிப்புப் புத்தகங்களும், காசு கட்டிப் பேசும் தொலைபேசி உதவியும் சியராவுக்கு வருமானம் தந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது நல்ல வடிவமைப்பு என்று என்னால் சொல்ல முடியாது. எதிர்முகாமில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1990இல் மங்கி ஐலண்டில், ஆடுபவரை மாட்டவைக்காமலே நல்ல புதிர் போடலாம் என்று காட்டிவிட்டது.

9. சவுண்ட் கார்டு விற்பனைக்கு சியராதான் காரணம்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். சரியா?

சியரா மட்டுமே காரணம் என்பது மிகை. பெரிய காரணம் என்பது சரி. அதுவரை பிசி என்றால் ஒரு சின்ன ஸ்பீக்கர் 'பீப்' போடும், அவ்வளவுதான். 1988இல் வந்த கிங்ஸ் குவெஸ்ட் 4, ஆட்லிப் கார்டு, ரோலண்டு எம்டி-32 போன்ற கருவிகளுக்காகவே எழுதப்பட்ட இசையோடு வந்தது. சவுண்ட் கார்டை ஆதரித்த முதல் பெரிய பிசி விளையாட்டுகளில் அது ஒன்று. சியரா அந்தக் கருவிகளைத் தானே விற்கவும் செய்தது. விளையாட்டைக் கேட்டவர்கள் கார்டு வாங்கினார்கள்.

அதே விளையாட்டில் நாயகி ரோசெல்லா. 1988இல் ஒரு முன்னணித் தொடரில் பெண்ணை முதன்மைப் பாத்திரமாக வைத்தது, இசையைவிடப் பெரிய அடி என்பது என் எண்ணம்.

10. ஆன்-லைன்னு பேர்லயே இருக்கே, ஆன்லைன் கேம் ஏதாவது நடத்தினாங்களா?

நடத்தினார்கள், காலத்துக்கு வெகு முன்பே. 1991இல் 'சியரா நெட்வொர்க்'. மோடம் வழியாகத் தொலைபேசிக் கம்பியில் இணைந்து சதுரங்கம், சீட்டாட்டம், பலர் சேர்ந்து ஆடும் நிலவறைச் சாகசம். உங்கள் முகத்தை நீங்களே வரைந்து வைத்துக்கொண்டு அரட்டையும் அடிக்கலாம். செலவு தாங்கவில்லை. இமாஜினேஷன் நெட்வொர்க் என்று பெயர் மாறி, 1994இல் ஏடி&டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் கைக்கும், 1996இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் கைக்கும் போய் அடங்கிவிட்டது.

11. ஃபான்டஸ்மகோரியா 7 சிடியாமே! அது ஹிட்டா, ஃபிளாப்பா?

பெரிய வெற்றி. 1995இல் அதிகம் விற்ற கணினி விளையாட்டுகளில் ஒன்று. ரொபெர்டா எழுதிய திகில் கதை. ஓக்ஹர்ஸ்டில் படப்பிடிப்புத் தளமே கட்டி, நிஜ நடிகர்களை நீலத் திரைக்கு முன் நடிக்கவைத்துப் படம்பிடித்தார்கள். ஆஸ்திரேலியாவில் தணிக்கைத் துறை அனுமதி மறுத்தது. அமெரிக்காவிலும் சில கடைகள் விற்க மறுத்தன.

இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு பயமும் இருந்தது. செலவு 40 லட்சம் டாலரைத் தாண்டியது. சமையலறை மேசையில் தொடங்கிய கம்பெனிக்கு இப்போது ஒரு விளையாட்டே ஒரு சினிமா அளவுக்குச் செலவு வைத்தது. இப்படி நாலைந்து ஒன்றாகத் தோற்றால் தாங்குவதற்கு ஆழமான பை வேண்டும். அடுத்த கேள்விக்கு இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

12. இவ்ளோ நல்லா போய்ட்டு இருந்த கம்பெனியை ஏன் வித்தாங்க?

1990இல் டைனமிக்ஸ், 1993இல் பிரான்சின் கோக்டெல் விஷன், 1995 வாக்கில் இம்ப்ரெஷன்ஸ், பாபிரஸ் என்று சியரா வரிசையாக நிறுவனங்களை வாங்கி வளர்ந்திருந்தது. பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. 4ஆம் பதிலில் சொன்ன ஆள் கிடைக்காத பிரச்சினைக்காக 1993இல் தலைமை அலுவலகத்தை வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூவுக்கு மாற்றினார்கள். விளையாட்டு செய்பவர்களில் பலர் ஓக்ஹர்ஸ்டில், முடிவெடுப்பவர்கள் வேறு மாநிலத்தில்.

1996 பிப்ரவரியில் சியுசி இன்டர்நேஷனல் என்ற கம்பெனி, ஏறத்தாழ 100 கோடி டாலர் மதிப்புள்ள தன் பங்குகளைக் கொடுத்துச் சியராவை வாங்க முன்வந்தது. அதன் தலைவர் வால்டர் ஃபோர்ப்ஸ் ஏற்கெனவே சியராவின் இயக்குநர் குழுவில் இருந்தவர், தெரிந்த மனிதர். சந்தை விலையைவிட வெகுவாகக் கூடுதலாகக் கொடுப்பதாகச் சொன்னபோது, பங்குதாரர்களுக்குப் பொறுப்பான தலைவர் மறுப்பது எளிதல்ல. ரொபெர்டாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அந்த ஜூலையில் விற்பனை முடிந்தது.

சியுசி என்ன தொழில் செய்தது என்று பாருங்கள்: உறுப்பினராகச் சேர்ந்தால் பொருள் வாங்குவதிலும் பயணத்திலும் தள்ளுபடி தரும் கிளப்புகள். விளையாட்டு பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பணமாக இல்லாமல் பங்காகக் கொடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். அந்தக் காகிதத்தின் மதிப்பு சியுசியின் கணக்குப் புத்தகத்தை நம்பியே இருந்தது.

13. சியுசி மோசடின்னா என்ன? கேம் சம்பந்தப்பட்டதா?

விளையாட்டோடு சம்பந்தமில்லை, கணக்கில் மோசடி. வராத வருமானத்தை வந்ததாக எழுதிப் பங்கு விலையை ஏற்றிவைத்திருந்தார்கள். அதற்கு ஒரு வழி, புதிய கம்பெனிகளை வாங்கும்போது 'இணைப்புச் செலவு' என்று தேவைக்கு மேல் ஒரு தொகையை ஒதுக்குவது. பிறகு அந்த ஒதுக்கீட்டைச் சிறிது சிறிதாக லாபக் கணக்குக்கு மாற்றிவிடுவது. இந்த ஆட்டம் ஓட வேண்டுமானால் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மோசடி வெளிவந்த பிறகு திரும்பிப் பார்த்தால், சம்பந்தமில்லாத தொழில்களை எல்லாம் ஏன் அவ்வளவு அவசரமாக வாங்கினார்கள் என்பது புரிகிறது.

1997 கடைசியில் சியுசி, எச்எஃப்எஸ் என்ற கம்பெனியோடு இணைந்து சென்டன்ட் ஆனது. புதிய கூட்டாளிகள் கணக்கைத் திறந்து பார்த்ததும் குட்டு உடைந்தது. 1998 ஏப்ரல் 15 அன்று அறிவித்தார்கள். மறுநாள் பங்கு விலை ஒரே நாளில் 46 சதவீதம் விழுந்தது, சுமார் 1,400 கோடி டாலர் காணாமல் போனது. மூன்று ஆண்டுகளில் சுமார் 50 கோடி டாலர் போலி லாபம் காட்டியிருந்தது தெரிந்தது. பங்குதாரர்கள் போட்ட வழக்கில் சென்டன்ட் 283 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஃபோர்ப்ஸுக்கு 2007இல் 12 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சியராவில் பங்கு வைத்திருந்த ஊழியர்களின் சேமிப்பு சியுசி பங்காக மாறியிருந்தது. விழுந்த விலையில் அவர்கள் இழந்ததை யாரும் திருப்பிக் கொடுத்துவிட முடியாது.

14. அப்ப கென்னும் ரொபெர்டாவும் என்ன பண்ணிட்டு இருந்தாங்க? தடுக்க முடியலையா?

தடுக்கும் அதிகாரம் விற்பனையோடு போய்விட்டது. சியுசி அதே சமயத்தில் கல்வி மென்பொருள் நிறுவனமான டேவிட்சன் அண்டு அசோசியேட்ஸையும் வாங்கியது. மென்பொருள் பிரிவு முழுவதையும் நடத்தும் பொறுப்பு பாப் டேவிட்சனுக்குப் போனது. தன் கம்பெனியில் தன் பேச்சு எடுபடாத நிலையில் கென் 1997இல் வெளியேறினார். ரொபெர்டா கிங்ஸ் குவெஸ்ட்டின் எட்டாவது விளையாட்டான 'மாஸ்க் ஆஃப் எடர்னிட்டி'யை 1998இல் முடித்துவிட்டுப் போனார். அதில் முப்பரிமாணமும் வாள்சண்டையும் கலந்திருந்தன. அவர் நினைத்தபடி அது வரவில்லை.

வெகு காலம் இருவரும் இந்தத் துறைப் பக்கமே வரவில்லை. 2023இல்தான் திரும்பினார்கள், 2ஆம் பதிலில் சொன்ன கொலோசல் கேவை முப்பரிமாணத்தில் புதிதாகச் செய்துகொண்டு.

15. 1999 பிப்ரவரி 22ன்னா சியரா ரசிகர்கள் ஏன் துக்க நாள் மாதிரி பேசறாங்க?

மோசடி வெடித்த பிறகு சென்டன்ட் தன் மென்பொருள் பிரிவைப் பிரான்சின் ஹவாஸுக்கு விற்றது. ஹவாஸ், விவெண்டி குழுமத்தைச் சேர்ந்தது. புதிய உரிமையாளர் வந்த சில வாரங்களில், அந்தத் திங்கட்கிழமை, ஓக்ஹர்ஸ்ட் ஸ்டூடியோ மூடப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. நகரத்தில் என்றால் அடுத்த தெருவில் வேறு வேலை தேடலாம். மலையூரில் அப்படி ஒரு வேலை தரும் இடமே வேறில்லை. வீட்டை விற்றுக் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். உள்ளே இருந்தவர்கள் அந்த நாளுக்கு 'ரம்பத் திங்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

அதன்பின் ஒவ்வொன்றாகப் போயின. 2001 ஆகஸ்டில் டைனமிக்ஸ், 2004இல் இம்ப்ரெஷன்ஸ், அதே ஆண்டு பெல்வியூ அலுவலகம். மிச்சம் இருந்தது அட்டைப்பெட்டியில் ஒட்டும் ஒரு பெயர் மட்டும்.

16. ஹாஃப்-லைஃப் மாதிரி ஒரு ஹிட் கையில இருந்தும் எப்படி விழ முடியும்?

ஹாஃப்-லைஃப் வெளியானது 1998 நவம்பரில். 13ஆம் பதிலின் காலவரிசையோடு வைத்துப் பாருங்கள்: மோசடி வெளிவந்து ஏழு மாதம் ஆகிவிட்டது, கம்பெனி விலைபோய்க்கொண்டிருந்தது. அதை உருவாக்கிய, பல வெளியீட்டாளர்கள் தயங்கிய புதுக் குழுவான வால்வை நம்பி ஒப்பந்தம் போட்டது சியராவின் நல்ல கண்ணுக்குச் சான்று. ஆனால் வால்வ் சியராவுக்குச் சொந்தமான ஸ்டூடியோ அல்ல. 2001இல் திருத்திய ஒப்பந்தத்தில் ஹாஃப்-லைஃபின் உரிமையும் இணையவழி விற்பனை உரிமையும் வால்வ் கைக்கே போயின.

2002இல் பிரவுசிங் சென்டர் உரிமம் பற்றி வழக்கு வந்தது. வால்வின் விளையாட்டுகளை இணைய மையங்களுக்கு உரிமம் கொடுத்து விற்க விவெண்டிக்கு அதிகாரம் இல்லை என்றது வால்வ். நீதிமன்றமும் 2004இல் அதை ஏற்றது, 2005இல் சமரசம். வால்வின் கவுன்டர்-ஸ்டிரைக் ஆடியே வளர்ந்த நம் ஊர் பிரவுசிங் சென்டர் தலைமுறைக்கு, அமெரிக்காவில் அதே உரிமத்துக்காக இப்படி ஒரு சண்டை நடந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. இதற்குள் வால்வ், ஸ்டீம் என்ற தன் இணைய விளையாட்டுக் கடையைத் தொடங்கிவிட்டது.

17. அதே சியுசி பிளிசார்டையும் வாங்குச்சு. பிளிசார்டு பிழைச்சுச்சு, சியரா ஏன் பிழைக்கலை?

இந்தக் கேள்விதான் சரியான கேள்வி. பிளிசார்டு என்ற விளையாட்டு நிறுவனம் டேவிட்சனின் கீழ் இருந்ததால் சியுசிக்குப் போனது. சியராவைப் போலவே சென்டன்ட், ஹவாஸ், விவெண்டி என்று கைமாறியது. ஆனால் அது கலிபோர்னியாவில் இரண்டே இடங்களில் இருந்த சின்ன நிறுவனம். வருடத்துக்கு ஒன்றிரண்டு விளையாட்டுதான். தொடங்கியவர்கள் உள்ளேயே இருந்தார்கள், தயாராகும்வரை வெளியிட மாட்டோம் என்று சொல்ல அவர்களால் முடிந்தது. டயாப்லோ, ஸ்டார்கிராஃப்ட் என்று அடுத்தடுத்து விற்றதால் யாரும் கைவைக்கவில்லை.

சியராவோ பல ஊர்களில் பரவிய பல ஸ்டூடியோக்கள், கல்வி மென்பொருள், கார் பந்தயம், நகரம் கட்டும் விளையாட்டு என்று பல வகை. இவற்றை ஒரு முழுமையாகப் பிடித்துவைத்திருந்தது கென் என்ற ஒரு மனிதரின் தீர்ப்பு. அவரை எடுத்துவிட்டதும், கணக்குப் பார்ப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் எது லாபம், எது செலவு என்ற பட்டியல்தான். 7ஆம் பதிலில் சொன்ன ஆசிரியர்கள் அந்தப் பட்டியலில் செலவுப் பக்கத்தில் இருந்தார்கள்.

18. மோசடியை விடுங்க. அட்வென்ச்சர் கேம் மவுசே போயிடுச்சே, எப்படியும் செத்திருக்கும்தானே?

பாதி ஒப்புக்கொள்கிறேன். 1990களின் பின்பாதியில் மக்கள் துப்பாக்கி விளையாட்டுக்கும் வியூக விளையாட்டுக்கும் போய்விட்டார்கள். எதிர்முகாமான லூகாஸ்ஆர்ட்ஸ் (முன்பு லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ்) எந்த மோசடியிலும் சிக்கவில்லை. ஆனாலும் 2000க்குப் பிறகு புதிய சாகச விளையாட்டு வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. கிங்ஸ் குவெஸ்ட் பழைய உருவில் தொடர்ந்திருக்காது.

ஆனால் சியரா சாகச விளையாட்டுகளை மட்டும் நம்பியிருந்த கம்பெனி அல்ல. 1996லேயே அதனிடம் ரெட் பேரன் விமான விளையாட்டு, பாபிரஸின் நாஸ்கார் பந்தயம், இம்ப்ரெஷன்ஸின் சீசர் இருந்தன. இரண்டே ஆண்டில் ஹாஃப்-லைஃப் வந்தது. சந்தை மாறும்போது மாறிக்கொள்வதற்கான சரக்கு கையில் இருந்தது. 1983ஐவிட மோசமான நிலையில் இல்லை. அப்போது பிழைத்ததற்குக் காரணம், முடிவு எடுப்பவர்கள் விளையாட்டு செய்பவர்களாக இருந்ததுதான். வகை செத்ததால் தொடர்கள் முடிந்தன. கம்பெனி முடிந்தது உரிமை கைமாறியதால் என்பதே என் தீர்ப்பு.

19. இப்ப சியரா கேம் உரிமை எல்லாம் யார்கிட்ட இருக்கு?

சிதறிக் கிடக்கிறது. பெரும்பகுதி விவெண்டியிடமிருந்து 2008இல் உருவான ஆக்டிவிஷன் பிளிசார்டுக்குப் போனது. 2023 அக்டோபரில் அதை மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டதால் கிங்ஸ் குவெஸ்ட், ஸ்பேஸ் குவெஸ்ட், போலீஸ் குவெஸ்ட் இப்போது அங்கே. 2014இல் ஆக்டிவிஷன் சியரா என்ற பெயரைத் தூசு தட்டி எடுத்து, அடுத்த ஆண்டு புதிய கிங்ஸ் குவெஸ்ட் ஒன்றைத் தவணை முறையில் வெளியிட்டது. அதோடு நின்றது. லெஷர் சூட் லாரி ஜெர்மனியின் அசெம்பிள் என்டர்டெயின்மென்ட்டிடமும், ஹோம்வேர்ல்டு கியர்பாக்ஸிடமும் இருக்கின்றன.

20. ரசிகர்கள் இலவசமா ரீமேக் பண்ணி விடறாங்களே, அது சட்டப்படி சரியா?

ஒவ்வொன்றும் ஒரு கதை. ஏஜிடி இன்டராக்டிவ் குழு கிங்ஸ் குவெஸ்ட்டின் முதல் விளையாட்டுகளைப் புதிய படங்களோடு மறுஆக்கம் செய்து, உரிமையாளரிடம் லாபமில்லா அனுமதி பெற்று இலவசமாகக் கொடுக்கிறது. 'தி சில்வர் லைனிங்' என்ற ரசிகர் தொடரை 2010 தொடக்கத்தில் ஆக்டிவிஷன் நிறுத்தச் சொன்னது. எதிர்ப்புக்குப் பின் சில மாதங்களிலேயே இறங்கிவந்து அனுமதித்தது. பொதுவாக, அனுமதி இருக்கிறதா என்பதை அந்தந்தத் திட்டத்தின் பக்கத்தில் பார்த்துவிட்டு இறக்குங்கள். மிஸ்டரி ஹவுஸ் மட்டும் கவலையே வேண்டாம், அதைச் சியராவே 1987இல் பொதுவுடைமை ஆக்கிவிட்டது.

21. புதுசா ஆடிப் பார்க்கணும். எதுல ஆரம்பிக்கலாம், எங்க கிடைக்கும்?

ஜிஓஜி, ஸ்டீம் என்ற இணையக் கடைகள் இரண்டிலும் பெரும்பாலானவை மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கிய கோப்புகளை ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளில் போட்டால் கைபேசியில்கூட ஓடும். முதலில் கேப்ரியல் நைட்: நியூ ஆர்லியன்ஸ் நகரம், வூடூ, நல்ல எழுத்து, நியாயமான புதிர்கள். அடுத்து குவெஸ்ட் ஃபார் குளோரி. தட்டச்சு செய்து ஆடும் பழைய விளையாட்டுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கிங்ஸ் குவெஸ்ட் 5ஐ எடுத்தால் 8ஆம் பதிலை ஒருமுறை படித்துவிட்டு, சேமிப்புகளை ஒன்றின்மேல் ஒன்று எழுதாமல் தனித்தனியாக வைத்திருங்கள்.

இன்னொன்று: பெட்டியோடு வந்த கையேட்டையும் கட்டாயம் இறக்கிக்கொள்ளுங்கள். திருட்டு நகலைத் தடுக்க அந்தக் காலத்தில் புதிரின் விடையைக் கையேட்டில் வைப்பது வழக்கம். கிங்ஸ் குவெஸ்ட் 6இல் ஒரு செங்குத்துப் பாறையில் ஏறும் இடம் வரும். அதன் விடை விளையாட்டுக்குள் எங்கு தேடினாலும் கிடைக்காது, வழிகாட்டிச் சிறுபுத்தகத்தில்தான் இருக்கிறது.